முடிச்சு நெற்றியில் இருக்கட்டும்

எங்கள் வீட்டில் ராத்திரி நேரத்துத் தலைமுடிக்குத் தனிச் சட்டம் இருந்தது. விளக்கு வைத்த பிறகு தலை வாரக் கூடாது. வாரியே தீர வேண்டுமென்றால் உதிர்ந்ததைச் சுருட்டி, தூ தூ என்று துப்பி, குப்பையில் போட வேண்டும். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு படுக்கவே கூடாது. ஏன் என்று கேட்டால், மூதேவி வருவாள் என்பாள் அம்மா. என் முடியைத் தேடிக்கொண்டு மூதேவி எதற்கு உறையூர் வரைக்கும் வரப்போகிறாள் என்று அடுத்த கேள்வி கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் கிடையாது.

என்னுடையது சுருட்டை முடி. சினிமாவில் அலையலையாகக் காட்டுகிறார்களே, அந்தச் சுருட்டை இல்லை. விரலில் தானாகச் சுற்றிக்கொள்ளும், வாரினால் பெருகி நிற்கும், மழைக்காலத்தில் யார் பேச்சையும் கேட்காது. காலையில் அம்மா சிக்குக்கோலும் தேங்காயெண்ணெயுமாக உட்கார்ந்தால் பள்ளிக்கூட மணி அடிக்கிற வரைக்கும் யுத்தம்தான். இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி முடிக்கும்போது என் கண்கள் இரண்டும் காதுப் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். "சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்" என்று அம்மா ஆறுதல் சொல்வாள். கோரை முடிக்காரியான என் சித்தி அந்த நேரம் பார்த்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

2009இல் மேல்படிப்புக்காக அட்லாண்டா போனேன். வெஸ்ட் எண்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய மரவீட்டின் மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரம்மா கறுப்பினத்தவர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. நான் அவரை 'மேம்' என்பேன். அந்த ஊரில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவர் என்னை 'பேபி' என்பார். கடையில் காசு வாங்கும் பெண்ணையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் என் முடி உடையத் தொடங்கியது. உதிர்ந்தால் வேரோடு நீளமாக வரும். இது அரையும் காலுமாக, தலையணை உறையில் சின்னச் சின்ன வளையங்களாகக் கிடந்தது. ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்றில் ஈரம் என்பதே இருக்காது. துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் தலையணை உறையை உதறிய வீட்டுக்காரம்மா, அந்த வளையங்களைப் பார்த்துவிட்டு மாடிக்கே வந்துவிட்டார். "பேபி, நீ ராத்திரி தலையில ஒண்ணும் கட்டாமயா படுக்கிற?" பல் தேய்க்காமல் படுப்பவளைப் பார்த்துக் கேட்கிற குரல் அது.

அன்று இரவுதான் அவர் தலை கட்டுவதை முழுதாகப் பார்த்தேன். ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் சமையலறை மேசையில் ஒரு கண்ணாடி, மென்மையான பிரஷ், ஒரு டப்பி பின், சதுரமான துணி ஒன்று. ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய். அழகுநிலையத்தில் நேராக்கிய முடி அவருடையது. அதை உச்சியிலிருந்து எடுத்து, மண்டையை ஒட்டியே வட்டமாக ஒரே பக்கமாக வாரிக்கொண்டு போனார். நெற்றி, காது, பிடரி, மறுகாது. ஒரு கற்றையின் நுனி அடுத்த கற்றையின் அடியில் போய் மறையும். கை தவறும் இடத்தில் மட்டும் ஒரு பின். முழுச் சுற்றும் முடிந்தபோது தலை முழுக்கக் கறுப்புத் தொப்பி போட்டதுபோல் வழவழவென்று இருந்தது. பிறகு துணியை முக்கோணமாக மடித்து, மயிர்க்கோட்டுக்கு ஓர் அங்குலம் கீழே நெற்றியில் வைத்து, இரண்டு முனைகளையும் பிடரியில் மாற்றி, திரும்ப முன்னால் கொண்டுவந்து நெற்றியில் முடிச்சுப் போட்டார். "முடிச்சைப் பின்னால போட்டா ராத்திரி முழுக்க அதுமேலதான் படுக்கணும். முன்னால போட்டுப் பழகு" என்றார். இறுக்கமாகக் கட்டலாமா என்று கேட்டேன். துணிக்கும் நெற்றிக்கும் நடுவில் தன் ஆள்காட்டி விரலை நுழைத்துக் காட்டினார். விரல் போக வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்பது பிற்பாடு படித்துத் தெரிந்தது. நனையும்போதும் சூடுபடும்போதும் முடிக்குள்ளிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகின்றன. உலரும்போது, ஆறும்போது முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி சேர்ந்துகொள்கின்றன. மண்டையைச் சுற்றி வாரிக் கட்டினால் மண்டையே பெரிய சுருள் கட்டையாகிவிடும். காலையில் பின்களை உருவி ஒருமுறை வாரினால் போதும், மறுபடி சூடு காட்ட வேண்டியதில்லை. டொமினிக்கன் பெண்கள் இதையே 'தூபி' என்று செய்கிறார்கள். என் முடிக்கு இது சரிப்படாது என்று அவரே சொல்லிவிட்டார். சுருட்டையை வாரிப் படிய வைப்பது அதைக் கலைப்பதுதான். எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு: எல்லாவற்றையும் உச்சந்தலைக்குத் தூக்கித் தளர்வாக ஒரு கட்டு, சுற்றிலும் துணி, சுருள்கள் மேலே சும்மா கிடக்கட்டும்.

அம்மாவிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "பின்னிக்கிட்டுப் படுத்தா போதாதா? நாங்கல்லாம் என்ன துணியைக் கட்டிக்கிட்டா படுத்தோம்?" என்றாள். பின்னுவதும் காப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பின்னிய முடி தலையணையோடு உரசும் பரப்பு குறைவு, சிக்கும் விழாது. மூதேவி வருவதும் ஓரளவு நின்றுவிடும். ஆனால் நீண்ட கோரை முடிக்குப் போதுமான காப்பு சுருட்டைக்குப் போதாது. தலைத்தோல் சுரக்கிற எண்ணெய் நேரான முடியில் நுனிவரைக்கும் இறங்கும். வளைவுக்கு வளைவு நிற்கிற முடியில் அது பாதி வழியிலேயே தங்கிவிடும். அதனால் சுருட்டை முடியின் நுனி எப்போதும் வறண்டே இருக்கிறது, வறண்டது சீக்கிரம் உடைகிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்றால், தோளைத் தாண்டித் தொங்கும் நுனி வேரைவிட்டு வெளிவந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அத்தனை வருஷத் தலையணைகளையும் அது பார்த்திருக்கிறது. உயிரில்லாத பொருள், ஒருமுறை செதில் பெயர்ந்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளாது.

பருத்தி என்ன கெடுதல் செய்கிறது என்பதும் புரிந்தது. பருத்தி இழை ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். எவ்வளவு நேர்த்தியாக நூற்றாலும் ஆயிரக்கணக்கான நுனிகள் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். நாம் புரளப் புரள அவை முடியின் செதில்களைப் பிடித்து இழுக்கும், தடவிய எண்ணெயையும் குடித்துவிடும். பட்டு அப்படியில்லை. புழு நிறுத்தாமல் சுற்றிய ஒரே இழை, ஒரு கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் உருவலாம். பிடித்துக்கொள்ள நுனி இல்லை, வழுக்கிவிடும். இவ்வளவுதான் பட்டின் மகிமை. இரவில் பட்டு கட்டினால் முடி வளரும் என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறவர்களை நம்பாதீர்கள். வளர்வது வேரில். துணி செய்வதெல்லாம் வளர்ந்தது உடையாமல் பார்த்துக்கொள்வது.

பட்டுக்கு நானா பஞ்சப்படுவேன்? பெட்டியின் அடியில் காஞ்சிபுரம் பட்டுப் பாவாடை ஒன்று இருந்தது. அம்மாவின் பழைய புடவையில் எனக்குச் சின்ன வயதில் தைத்தது, என்ன நினைப்பில் எடுத்துவந்தேனோ. அதைப் பிரித்துத் தலைக்குக் கட்டலாம் என்று கீழே கொண்டுபோனேன். வீட்டுக்காரம்மா அதை மடியில் விரித்து வெகு நேரம் பார்த்தார். கரையில் ஓடிய யாளியை விரலால் தொடர்ந்துபோனார். பிறகு புறங்கையால் தடவினார். ஜரிகை அவர் தோலில் பிராண்டியிருக்க வேண்டும். பட்டு நூல்மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிய ஜரிகை, பழசாகப் பழசாக எழுந்து நிற்கும். உடலும் முறுக்கேறிய நூல், கனம். "ரொம்ப அழகு. இதைச் சுவத்துல மாட்டு. தலைக்கு வேண்டாம்" என்று மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அவரிடம் அசல் பட்டு ஒன்றே ஒன்று இருந்தது. கணவர் ராணுவத்தில் இருந்தபோது ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. ஈஸ்டருக்கு முந்தின இரவு மட்டும் வெளியே வரும். மற்ற நாட்களில் கட்டுவது பாலியெஸ்டர் சாட்டின். சாட்டின் என்பது நெசவு முறை. ஒரு நூல் நாலைந்து நூல்களுக்கு மேலாகத் தாவி, அப்புறம்தான் ஒன்றுக்கு அடியில் போகும். தாவும் நூலெல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடப்பதால் அந்தப் பக்கம் வழுக்கும். அதைப் பட்டிலும் நெய்யலாம், பாலியெஸ்டரிலும் நெய்யலாம். உறையூரில் எங்கள் எதிர்வீட்டு மாமி, காஞ்சிப் பெரியவர் வேண்டாமென்று சொன்னதற்காகப் பட்டே உடுத்தாதவர். ஒரு புடவைக்காக எத்தனை புழுக்களைக் கொதிநீரில் போடுகிறார்கள் தெரியுமா என்று கல்யாண வீட்டில் நின்று கேட்பார். சாட்டின் துணி மாமிக்குச் சரியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மலிவுதான், வியர்க்கும் என்பது ஒன்றே குறை.

வீட்டுக்காரம்மா மேக்கன் பக்கத்தில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது சாட்டினும் கிடையாது ஒன்றும் கிடையாது. அம்மாவின் கிழிந்த நைலான் காலுறையை வெட்டி, ஒரு முனையில் முடிச்சுப் போட்டால் ராத்திரித் தொப்பி. சனிக்கிழமை மாலை அடுப்பில் இரும்புச் சீப்பு காயும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முடி நேராக இருக்க வேண்டும். காதை மடித்துப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார வேண்டும், அசைந்தால் சூடு. எண்ணெய் பொரியும் சத்தம், கருகும் வாசனை. இவ்வளவு பாடுபட்டு நேராக்கியது ராத்திரி வியர்வையில் மறுபடி சுருண்டுவிட்டால் வாரத்தின் உழைப்பே வீண். காலுறைத் தொப்பி அதற்காக. அவர் இதைச் சொல்லச் சொல்ல எனக்கு என் கண்களைக் காதுக்கு இழுத்த இரட்டைச் சடை ஞாபகம் வந்தது. இரண்டு வீட்டிலும் அம்மாக்கள்தான் வலிக்க வலிக்கச் செய்தார்கள். ஊர் பார்க்கும் என்பதுதான் இரண்டு இடத்திலும் காரணம். ஆனால் என் அம்மாவுக்குப் பயம் பக்கத்து வீட்டுக்காரியின் வாய்தான். அவருடைய அம்மாவுக்கு, மகளுக்கு வேலை கிடைக்குமா என்கிற பயம்.

ஒரு நாள் என்னை ஆபர்ன் அவென்யூவுக்குக் கூட்டிப்போனார். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடு இருக்கும் தெரு. அதிலிருந்து திரும்பும் ஹில்லியார்டு தெருவில் மேடம் சி.ஜே. வாக்கர் பெயரில் பழைய அழகுநிலையம் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். 1867இல் லூசியானாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்து, தன் முடி கொட்டியதற்கு மருந்து தேடப்போய்ப் பெரும் செல்வந்தரான பெண் அவர். 1919இல் இறந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் அவருடைய தைலத்தை வீடுவீடாக விற்றுக்கொண்டிருந்தார்கள். சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று பலர் சொல்வார்கள், அது தவறு. அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்திய முதல் வானொலி நிலையம், டபிள்யூ.இ.ஆர்.டி., 1949 முதல் ஒலிபரப்பியது. கீழே முடி, மேலே பாட்டு. வீட்டுக்காரம்மாவுக்கு மேலே இருந்ததில்தான் ஆர்வம். அழகுநிலையக் கருவிகளைக் காட்டி, "இதெல்லாம் எனக்குத் தெரியாததா" என்று தாண்டிப் போய்விட்டார்.

கிறிஸ் ராக் எடுத்த 'குட் ஹேர்' ஆவணப்படம் வந்த சமயம் அது. குறுந்தட்டு கிடைத்ததும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். பாதிப் படத்தில் திடீரென்று திருமலை. கல்யாணக் கட்டாவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்கிறார்கள். கோவிந்தா கோவிந்தா என்று சத்தம். அந்த முடி மூட்டையாகி, ஏலம் போய், தரம் பிரிந்து, கப்பலேறி லாஸ் ஏஞ்சலீஸ் அழகுநிலையத்தில் ஒரு பெண்ணின் தலையில் தைக்கப்படுகிறது. வீட்டுக்காரம்மா படத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயும் கொடுத்திருக்கியா?"

கொடுத்திருக்கிறேன். சமயபுரத்தில், சின்ன வயதில். மொட்டைத் தலையில் குளிரக் குளிரச் சந்தனம் பூசிக்கொண்டு போட்டோவுக்கு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. முடி எங்கே போகும் என்று யாரும் யோசித்ததில்லை. சாமிக்குக் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். குழந்தை முடிக்கு விலையில்லை, உங்கள் கடைக்கு வந்திருக்காது என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பளைங்களுக்கு யாராவது காசு குடுக்கறாங்களா?" என்று கேட்டார். இல்லை, வேண்டுதல் என்றேன். கோயிலுக்குக் கோடிக்கணக்கில் வருகிறது என்பதையும் சொன்னேன். "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

அடுத்த வாரம் முடிச் சாமான் கடைக்குப் போனபோது முடி தொங்கும் சுவரைப் புதிதாகப் பார்த்தேன். அட்லாண்டாவில் இந்தக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கொரியர்கள் நடத்துகிறார்கள். 1960களில் தென்கொரியா விக் ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்த காலத்துத் தொடர்பு அது. தரையிலிருந்து கூரைவரை முடிக் கட்டுகள். 'இந்தியன் ரெமி' என்று அட்டை. ரெமி என்றால் எல்லா இழைகளின் செதில்களும் ஒரே திசையில் இருக்கிற முடி. மொட்டை அடிக்கும்போது கொத்தாகக் கட்டி வழிப்பதால் அந்தத் திசை கெடுவதில்லை. சீப்பில் சேர்ந்த முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும், சிக்கு விழும், அதனால் மலிவு. கட்டுகளுக்கு எதிர்ச்சுவரில் சாட்டின் துணிகளும், ராத்திரி தலையில் மாட்டிக்கொள்ளும் பானட் தொப்பிகளும். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கிய முடியையும் ராத்திரி கட்டித்தான் வைக்க வேண்டும். அது தலைத்தோலோடு ஒட்டாத முடி, எண்ணெய் சுத்தமாக இறங்காது. பழனியிலோ திருத்தணியிலோ யாரோ வேண்டிக்கொண்டு இறக்கிய பாரம், இங்கே ஒருத்தி தினமும் ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு துணி சுற்றிப் பத்திரப்படுத்துகிறாள்.

பட்டமளிப்புக்கு அம்மா வந்திருந்தாள். வீட்டுக்காரம்மா துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் காதில், "காய்ச்சல்காரி மாதிரி இருக்காங்களேடி" என்றாள். அவர் அம்மாவின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் இறுக்கிச் சீவிக் கொண்டை போட்டதில் அம்மாவின் முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறியிருந்தது. வயசானதால் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். இழுத்துக் கட்டும் முடியின் வேர்கள் நாளடைவில் செத்துப்போகும், அதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு. தன் தங்கைக்கும் இறுக்கப் பின்னிப் பின்னி இப்படித்தான் ஆனது என்று அவர் தன் நெற்றியோரத்தைத் தொட்டுக் காட்டினார். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் புரிந்துவிட்டது. பதில் பேசாமல் கொண்டையைத் தளர்த்திக்கொண்டாள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஆறேழு பானட் தொப்பிகள். சித்திக்கு ஒன்று, அதுவும் ரோஸ் கலரில்.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு கறாரான சட்டம் உண்டு. தலைத்துணியோடு வாசலுக்குப் போகக் கூடாது. மணி அடித்தால் முதலில் கை தலைக்குத்தான் போகும். ராத்திரிக்கு உரியது ராத்திரியோடு. 2021இல் நகைச்சுவை நடிகை மோனீக், அட்லாண்டா விமான நிலையத்தில் பானட்டோடு திரியும் பெண்களைப் பார்த்து வருந்தி ஒரு காணொளி வெளியிட்டார். ஆஸ்கர் வாங்கியவர், சொன்னதும் தீப்பற்றிக்கொண்டது. நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். தொலைபேசியில் வீட்டுக்காரம்மா, அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்றார். பின்னாலிருந்து பேத்தி, "என் தலை, என் துணி" என்று கத்துவது கேட்டது.

நம்மூரில் இந்தச் சண்டை நைட்டிக்கு நடக்கிறது. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைவரை போகலாமா கூடாதா என்று. ஆந்திராவில் தோகலபள்ளி என்ற கிராமத்தில் 2018இல் பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்றே தீர்மானம் போட்டார்கள். பெண் ராத்திரி அணிந்ததைப் பகல் பார்த்துவிட்டால் எதற்கு இவ்வளவு பதற்றம் என்று எனக்குப் புரிந்ததில்லை. கறுப்பினப் பெண்களின் தலைத்துணிக்கு இந்தப் பதற்றம் இன்னும் பழசு. 1786இல், லூசியானா ஸ்பெயின் வசமிருந்தபோது, ஆளுநர் எஸ்தெபான் மிரோ ஓர் ஆணை பிறப்பித்தார்: நியூ ஆர்லியன்ஸில் அடிமையல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மறைக்க வேண்டும், முடியலங்காரம் செய்துகொண்டு நடமாடக் கூடாது. அவர்கள் கட்டினார்கள். கண்ணைப் பறிக்கும் நிறங்களில், நகை வைத்து, உயரமாக. ஒரு காலத்தில் கட்டு என்று சட்டம், இன்னொரு காலத்தில் கட்டாதே என்று உபதேசம். சுருட்டையாக விட்டதற்காக வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ அனுப்பக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட 2019 ஆக வேண்டியிருந்தது.

உறையூரில் அம்மா இப்போது தினமும் பானட் போடுகிறாள். பால்காரர் சத்தம் கேட்டால் கழற்றிவிடுகிறாளாம். இந்த விஷயத்தில் இரண்டு கிழவிகளும் ஒரு கட்சி. நான் பேத்தியின் கட்சி, அதுவும் விமானப் பயணத்தில் கண்டிப்பாக. விமான இருக்கையின் தலைப்பகுதித் துணியைவிட முரடான தலையணையை நான் பார்த்ததில்லை. போன முறை தோஹா வழியாகச் சென்னை வந்து இறங்கியபோது விடியற்காலை. குடியேற்றப் பிரிவின் வரிசையில் என் முறை வந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "தலையில ஆபரேஷனாம்மா?" என்றார்.

"இல்ல சார், தூங்கும்போது போட்டுக்கறது."

"கொஞ்சம் கழட்டுங்க, கேமராவுக்கு" என்றார். கழற்றினேன். சுருள்கள் கலையாமல் தோளில் இறங்கின. அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா கிடைக்கும்? என் பொண்ணுக்கும் இதே முடிதான்" என்றபடி முத்திரையைக் குத்தினார்.